மழை நாளில் கிளாசிக் கார் சந்திப்பு: மாளிகைப் புல்வெளியில் சிக்காமல் வீடு திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஜூன், ஜூலை ஞாயிற்றுக்கிழமைகள்தான் திருவிழா. ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு பெரிய மாளிகையின் முன்னால், சீவி வாரிவிட்டது போன்ற புல்வெளியில் நூறு கார்கள் பளபளவென்று வரிசையாக நிற்கும். பிரபுக் குடும்பங்கள் கட்டியாண்ட வீடுகள் இவை. நம் ஊர் ஜமீன் பங்களா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான்கு மடங்கு பெரியது, ஒழுகும் கூரையும் அதே அளவுக்குப் பெரியது. அந்தக் கூரையைப் பழுதுபார்க்கக் காசு வேண்டும் என்பதால்தான் கேட்டைத் திறக்கிறார்கள். தென் இங்கிலாந்தின் பியூலி என்ற ஊரில் மாண்டேகு பிரபு 1952இல் தன் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, முன்கூடத்தில் சில பழைய கார்களை நிறுத்திவைத்தார். பிற்பாடு அதுவே தேசிய மோட்டார் அருங்காட்சியகமாக வளர்ந்தது. மாளிகைக்கும் பழைய காருக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது.

நடுவில் மழை வரும். இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே மழையில்தான். 1896 நவம்பர் 14 அன்று, வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்ததைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கிளம்பிய மோட்டார் வண்டிகள் நனைந்துகொண்டேதான் போயின. அதன் நினைவாக இன்றும் நவம்பர் முதல் ஞாயிறன்று 1905க்கு முந்தைய வண்டிகள் பிரைட்டனுக்கு ஓடுகின்றன, பெரும்பாலானவை கூரையே இல்லாமல். கோடையையும் நம்ப முடியாது. 1993 முதல் குட்வுட் மாளிகையில் நடக்கும் ஃபெஸ்டிவல் ஆஃப் ஸ்பீட் என்ற பெரிய கார் விழா, 2023 ஜூலையில் பலத்த காற்றால் ஒரு சனிக்கிழமை முழுவதையும் ரத்து செய்தது. பணமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்கே அந்த நிலை. நாற்பது உறுப்பினர்கள், இரண்டு மடக்குமேசைகள், ஒரு தேநீர்க் கொதிகலன் என்று இருக்கும் நம் கிளப் எம்மாத்திரம்?

நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கே வந்த பிறகு 1967 மாடல் மோரிஸ் மைனர் ஒன்றை வாங்கி, ஒரு கிளப்பில் சேர்ந்து, பார்க்கிங் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அதாவது திட்டு வாங்கும் பொறுப்பு. அதில் நான் கற்ற ஒரே பாடம் அபிமன்யு கதைதான். உள்ளே போகும் வித்தை எல்லோருக்கும் தெரியும். வெளியே வரும் வித்தை தெரியாதவன்தான் மாட்டிக்கொள்கிறான். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த இரண்டாவது வித்தையைப் பற்றியது. நீங்கள் ஏற்பாட்டாளராக இருந்தாலும் சரி, காரோடு வருபவராக இருந்தாலும் சரி, இரண்டு பக்கத்தையும் படித்துவையுங்கள்.

1. வானத்துக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

ஆறு வாரங்களுக்கு முன்பே மாளிகைக்குப் போய்விடுங்கள். அதுவும் வெயில் நாளில் வேண்டாம், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். மாளிகையின் நிர்வாகி உங்களை வரவேற்பறையில் உட்காரவைத்து வரைபடம் காட்டுவார். நன்றி சொல்லிவிட்டுத் தலைமைத் தோட்டக்காரரைத் தேடுங்கள். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த இடத்தில் புல்வெட்டும் வண்டி போன வருடம் புதைந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

அவரோடு சேர்ந்து நடக்கும்போது பூட்ஸ் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தடம் மட்டும் பதிந்தால் பரவாயில்லை. குதிகால் முழுக்க இறங்கி, எடுக்கும்போது 'சளக்' என்று சத்தம் வந்தால் அங்கே கார் நிற்கக்கூடாது. சுண்ணாம்பு மண் உள்ள இடங்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். களிமண் என்றால் ஒரு வாரம் ஆனாலும் குழைந்தே கிடக்கும். மேலே புல் பச்சையாக, உறுதியாகத் தெரியும். அதுதான் ஏமாற்றும்.

படம் எடுக்க எது அழகான இடமோ, மழைக்கு அதுவே ஆபத்தான இடம். இது தற்செயல் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் கேபபிலிட்டி பிரவுன் போன்றவர்கள் இந்தத் தோட்டங்களை வடிவமைத்தபோது, மாளிகை வாசலிலிருந்து புல் அப்படியே சரிந்து ஏரிவரை போகும்படி மண்ணை வெட்டி அமைத்தார்கள். கண் எப்படி ஓடுகிறதோ அப்படியேதான் தண்ணீரும் ஓடுகிறது. ஏரிக்கரையில் காரை நிறுத்தி, பின்னால் மாளிகை தெரியும்படி படம் எடுக்கலாம் என்று யாராவது ஆசைப்படுவார்கள். வெயில் நாளில் அனுமதியுங்கள். மழை நாளில் அங்கே போன கார் வெளியே வருவதற்கு டிராக்டர் வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்துத் தோட்டக்கலையில் இன்னொரு பொறியும் உண்டு. அதற்கு 'ஹா-ஹா' என்று பெயர், விளையாட்டில்லை. ஆடுமாடு மாளிகை அருகே வராமல் தடுக்க வேண்டும், ஆனால் வேலி கண்ணை உறுத்தக்கூடாது. அதற்காகப் புல்வெளியின் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, ஒரு பக்கம் செங்குத்தாகச் சுவர் எழுப்பிவிடுவார்கள். மாளிகைப் பக்கமிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, புல் தொடர்ந்து ஓடுவது போலவே இருக்கும். ஈரப்புல்லில் பின்னோக்கி வழுக்கும் காருக்கு அது கிணறு மாதிரி. அதன் ஓரத்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

மரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒதுங்கலாம் என்று எல்லோரும் பீச், ஓக் மரங்களுக்கு அடியில்தான் போய் நிற்பார்கள். இலை அடர்ந்த பருவத்தில் நனைந்த கிளையின் எடை கூடும், அதோடு காற்றும் சேர்ந்தால் முறியும். கிளை விழாவிட்டாலும் சக்கரம் ஏறி இறுகிய மண் வேரை நசுக்கும் என்பதால் தோட்டக்காரர் உங்களை மன்னிக்கமாட்டார். புல்லுக்கு அடியில் பழைய செங்கல் வடிகால், கழிவுநீர்த் தொட்டி மூடி ஏதாவது இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்டுக் குச்சி நட்டுவிடுங்கள்.

பிறகு கெட்டியான தரையைக் கணக்கெடுங்கள். குதிரைலாய முற்றம், சரளைக்கல் பாதை, ஊழியர்களின் கார் நிறுத்தம், பண்ணைக் கொட்டகை. போய்வர வழியையும் சேர்த்து ஒரு காருக்குத் தோராயமாக 25 சதுர மீட்டர் வேண்டும். எண்பது கார் என்றால் 2,000 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கர். கெட்டித் தரையில் முப்பது கார்தான் கொள்ளும் என்றால், மழைத் திட்டத்தில் முப்பது காருக்குத்தான் இடம் என்று இப்போதே எழுதிவையுங்கள். அந்த முப்பது யார் என்ற சண்டையையும் இப்போதே போட்டு முடித்துவிடுங்கள். அன்று காலை நனைந்துகொண்டே போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

2. யார், எப்போது, எதற்காக ரத்து செய்வது

ஒவ்வொரு தரப்பிலும் ஒருவர் மட்டும் முடிவெடுக்க வேண்டும். குழுவாக முடிவெடுத்தால் ஞாயிறு மதியம் வரை பேசிக்கொண்டிருப்பீர்கள். மாளிகைத் தரப்பிலும் ஒருவர், கிளப் தரப்பில் ஒருவர், இருவரில் யார் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான் என்று முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் அப்போதே கொடுத்துவிடுங்கள், எப்படியும் கேட்பார்கள்.

பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆஃபீஸ் மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடும். என் கணக்கு இதுதான். மழைக்கு மஞ்சள் என்றால் கெட்டித் தரைத் திட்டத்துக்கு மாறுவேன். காற்றுக்கு மஞ்சள் என்றால் கூடாரம் எதுவும் இல்லாமல் நடத்த முடியுமா என்று யோசிப்பேன். ஆம்பர் வந்தால் எதற்காக இருந்தாலும் ரத்து. மழையால் ரத்து செய்வது அபூர்வம், காற்றுதான் ரத்து செய்யவைக்கும். மழையில் மனிதன் நனைவான், அவ்வளவுதான். காற்றில் நான்கு கால் கெஸீபோ (மடக்குக் கூடாரம்) ஒன்று எழுந்து பறந்து, புதிதாகப் பெயின்ட் அடித்த பானெட் மேல் இறங்கும். முளைக்குச்சி ஈர மண்ணில் பிடிக்காது. ஒவ்வொரு காலிலும் கனமான எடை கட்டாமல் யாரையும் கெஸீபோ விரிக்கவிடாதீர்கள்.

மழையைப் பார்க்கும்போது ஞாயிறு முன்னறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். புதன், வியாழன், வெள்ளி பெய்த மழைதான் ஞாயிற்றுக்கிழமை மண்ணில் இருக்கும். ஞாயிறு பளீரென்று வெயில் அடித்தாலும், மூன்று நாள் ஊறிய களிமண்ணில் கார் இறங்கினால் கதை ஒன்றுதான். எங்களுக்கு மிக மோசமான நாளாக அமைந்தது அப்படிப்பட்ட ஒரு வெயில் நாள்தான். நீலவானத்தின் கீழே பதினோரு கார்களைக் கயிறு கட்டி இழுத்தோம்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்குத் தகவல் என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கே அனுப்புங்கள். நூறு மைலுக்கு அப்பாலிருந்து வருபவர் விடிகாலையில் கிளம்பிவிடுவார். கைபேசி பார்க்காத மூத்த உறுப்பினர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு, அவர்களை வீட்டுத் தொலைபேசியில்தான் கூப்பிட வேண்டும்.

3. காரைத் தயார் செய்தல்

பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி என்ற சாலைத்தகுதிச் சோதனை 2018 மே முதல் கட்டாயமில்லை. சந்தோஷமான செய்திதான். ஆனால் வைப்பர் ரப்பர் வெடித்திருக்கிறது, பின்சக்கரப் பிரேக் ஒருபக்கம் இழுக்கிறது என்று சொல்ல இனி யாரும் இல்லை என்பதும் அதன் பொருள். நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைப்பரிலிருந்து தொடங்குவோம். புது ரப்பர் போடுங்கள், கண்ணாடியை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவுங்கள். பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்ணாடியில் தேய்க்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு, வைப்பர் நின்றுபோனால் அதையும் முயன்று பார்க்கலாம். 1950களின் சில ஃபோர்டு கார்களில் வைப்பர் மின்சாரத்தில் ஓடாது, என்ஜின் உறிஞ்சும் காற்றில் ஓடும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சு குறைந்து வைப்பர் சோம்பிப் போகும், காலை எடுத்தால் தலைதெறிக்க ஆடும். அப்படிப்பட்ட காரில் வருபவர்கள் மேட்டுப்பாதையைத் தவிர்த்து வேறு வழி பார்ப்பது நல்லது.

அடுத்து மின்சாரம். பல பழைய கார்களில் மின்சாரம் உண்டாக்க இன்றைய ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய பாணி டைனமோதான். என் மைனரில் இருக்கும் டைனமோ உச்சத்தில் கொடுப்பதே சுமார் 22 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கே ஏழெட்டுப் போய்விடும். அப்புறம் வைப்பர், ஹீட்டர் விசிறி, பிரேக் விளக்கு. ஓடும்போது சமாளித்துவிடும். மாளிகை வாசலில் கார்கள் வரிசையாக ஊர்ந்து நிற்கும்போது, ஐட்லிங்கில் டைனமோ ஒன்றுமே தருவதில்லை, எல்லாம் பேட்டரியிலிருந்து போகும். அரைமணி நேரம் அப்படி நின்றால் மாலையில் ஸ்டார்ட் ஆகாது. முந்தின இரவு பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள். வரிசையில் நிற்கும்போது ஹீட்டர் விசிறியை அணைத்துவிட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்பொறியை அனுப்பும் கருவி. மழையில் பழைய கார் நின்றால் பத்துக்கு எட்டுத் தடவை இதன் வேலையாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். 1959இல் வந்த மினி காரில் அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காக வைத்தார். மேதைமைதான், சந்தேகமில்லை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முன்கிரில்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. மழைநீர் கிரில் வழியாகப் பாய்ந்து அதன்மேலேயே அடிக்கும். இதற்கு மினிக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. அதை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன், ஏனென்றால் எந்தக் காருக்கும் இது உதவும்.

ஒரு கையுறையின் ஐந்து விரல் நுனிகளையும் சிறிதாக வெட்டுங்கள், துளை வயரைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும். நான்கு சிலிண்டர் காரில் பிளக்குக்கு நான்கு வயர், மின்னழுத்தத்தைக் கூட்டும் காயிலிலிருந்து ஒன்று, ஆக ஐந்து வயர். ஐந்து விரல். கடவுளே அளவெடுத்துத் தைத்த மாதிரி. எந்த வயர் எந்த பிளக்குக்கு என்று முதலில் பேப்பர் ஒட்டிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராகக் கழற்றி விரல் வழியாக நுழைத்துத் திரும்ப மூடியில் செருகுங்கள். பிறகு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கீழே இழுத்துவிட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். மஞ்சள் கையுறை என்றால் பானெட்டைத் திறக்கும்போது யாரோ என்ஜினுக்குள்ளிருந்து கை நீட்டுவது போலத் தெரியும், குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அழகுப்போட்டிக்கு வரும் காரென்றால் நடுவர் வருவதற்குள் கழற்றிவிடுங்கள்.

டிரம் பிரேக் உள்ள காரில் ஈரம் உள்ளே போனால் முதல் மிதியில் ஒன்றும் நடக்காது, இரண்டாவது மிதியில் ஒருபக்கம் இழுக்கும். என் மைனரில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். டயர் பட்டன் தேய்ந்திருக்காவிட்டாலும் வயதைப் பாருங்கள், ரப்பர் இறுகிப் போயிருந்தால் ஈரப்புல்லில் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கும்.

டிக்கியில் வைக்க வேண்டியவை: டபிள்யூடி-40 ஒரு டப்பா (அந்தப் பெயரின் அர்த்தமே நீரை விரட்டும் நாற்பதாவது முயற்சி என்பதுதான்), உலர்ந்த துணிகள் நிறைய, இழுகயிறு, பழைய தரைவிரிப்புத் துண்டு இரண்டு, கைப்பம்பு, ரப்பர் பூட்ஸ், மாற்றுச் சாக்ஸ். மாற்றுச் சாக்ஸின் அருமை மதியம் 2 மணிக்குத் தெரியும்.

4. போகும் வழியில்

நெடுஞ்சாலை விதிப்புத்தகத்தில் 50 மைல் வேகத்தில் நிற்கும் தூரம் 53 மீட்டர் என்று போட்டிருக்கும், ஈரத்தில் அதை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். அது ஒழுங்கான பிரேக் உள்ள காருக்கு. நமக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதனால் நான் மழையில் 45க்கு மேல் போவதில்லை. பின்னால் வருகிறவர் பொறுமை இழந்தால் இடது ஓரம் பார்த்து ஒதுங்கிவிடுவேன். பார்வை 100 மீட்டருக்குக் கீழே குறைந்தால் ஹெட்லைட் கட்டாயம்.

சாலையில் தேங்கிய தண்ணீரைக் கடக்க நேர்ந்தால் முதல் கியரில் மெதுவாகப் போங்கள். கடந்த பிறகு ஓடிக்கொண்டே பிரேக்கை இடது காலால் லேசாக மிதித்துச் சூடாக்கி உலர்த்துங்கள். ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது காருக்கும்தான்.

5. கேட்டில் தொடங்கி நிறுத்தும் வரை

ஏற்பாட்டாளர்களே, இந்த இருபது நிமிடம்தான் உங்கள் நாளை முடிவு செய்யும். புல்லில் ஒரு கார் போனால் தடம் விழாது. அதே தடத்தில் முப்பதாவது கார் போகும்போது அது வாய்க்கால். அதனால் கேட் பக்கம் எல்லோரும் திரும்பும் இடத்தில்தான் முதலில் சேறு கிளம்பும். அந்த இடத்துக்கு அலுமினியத் தற்காலிகப் பாதைத் தகடுகள் வாடகைக்குக் கிடைக்கும், இருபது முப்பது மீட்டர் போதும். காசில்லை என்றால் மரச்சில்லுகள் கொட்டலாம், தோட்டக்காரரிடம் எப்போதும் ஒரு குவியல் இருக்கும். வைக்கோல் போடுவது பழைய வழக்கம், ஆனால் ஒரு மணி நேரத்தில் நசுங்கிச் சேற்றோடு சேர்ந்து இன்னும் வழுக்கும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

கேட்டில் நிற்பவர் காரை நிறுத்திப் பேசக்கூடாது. "வாங்க வாங்க, எத்தனையாம் வருஷ மாடல்?" என்று ஆரம்பித்தால் பின்னால் பத்து கார் மேட்டில் நிற்கும், ஈரத்தில் மேட்டில் நின்ற கார் மறுபடி கிளம்பும்போது சக்கரம் சுற்றும். பேச்செல்லாம் உள்ளே நிறுத்திய பிறகு. கையசைத்து உள்ளே விட்டுக்கொண்டே இருங்கள்.

எடை அதிகமான கார்களைச் சரளைக்கல்லுக்கு அனுப்புங்கள். மோரிஸ் மைனர் முக்கால் டன் சொச்சம், ஒரு ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ இரண்டு டன்னைத் தாண்டும். கூரையில்லாத கார்கள், 1930க்கு முந்தைய கார்கள் குதிரைலாய முற்றத்துக்கு. (போகிற போக்கில் ஒன்று: நம் ஊரில் பழைய கார் எல்லாமே விண்டேஜ். இங்கே 1919 முதல் 1930 வரை செய்ததுதான் விண்டேஜ். ஒரு 1955 மாடல்காரரிடம் போய் "நல்ல விண்டேஜ்" என்று பாராட்டி, பத்து நிமிடப் பாடம் கேட்டிருக்கிறேன்.)

புல்லில் நிறுத்துகிறவர்கள், முகப்பு வெளியேறும் பாதையைப் பார்க்கும்படி, சரிவில் கீழ்நோக்கி நிறுத்துங்கள். மாளிகையைப் பார்த்து நிறுத்தினால்தான் படம் நன்றாக வரும் என்பார்கள். வரட்டும். மாலையில் சரிவில் தானாக உருண்டு கிளம்பும் காரின் அழகு எந்தப் படத்திலும் இல்லை. கைப்பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், ஈரத்தில் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.

6. மழையில் பொழுதைப் போக்குவது

இதில் நான் சொல்ல அதிகமில்லை, ஆங்கிலேயர்களுக்கு இது கைவந்த கலை. டிக்கி மூடியைத் தூக்கி அதன் கீழே இரண்டு மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு, "நேற்றைவிடப் பரவாயில்லை" என்று சொல்வார்கள். நேற்று வெயிலாக இருந்திருக்கும்.

மாளிகைக்குள் போவதென்றால் பூட்ஸை வாசலில் கழற்றுங்கள். இருநூறு வருட மரத்தளம் அது. லாய முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு காரின் அடியிலும் ஒரு தட்டோ அட்டையோ வையுங்கள், கல்தளத்தில் எண்ணெய் சொட்டினால் அடுத்த வருடம் அழைப்பு வராது. அழகுப்போட்டி நடத்துவதாக இருந்தால் கொட்டகைக்குள் நடத்துங்கள், அல்லது அன்றைக்கு மட்டும் விதியை மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு வருடம் அதிக தூரத்திலிருந்து அதிகச் சேற்றோடு வந்த காருக்குக் கோப்பை கொடுத்தோம். காரைத் துடைத்துப் பளபளப்பாக்க சாமோய்ஸ் தோல்துணியோடு காத்திருந்த சிலர் எங்களோடு இரண்டு மாதம் பேசவில்லை.

7. வெளியே வருதல்

எல்லோரும் 4 மணிக்குக் கிளம்பினால் அதோகதி. 2 மணியிலிருந்தே விடத் தொடங்குங்கள். கீழே இருப்பவர்கள் முதலில், மேட்டில் இருப்பவர்கள் கடைசியில். தூறல் கனமழையாக மாறுகிறதென்றால் நிகழ்ச்சி பாதியில் இருந்தாலும் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு அரைமணியும் மண் இளகிக்கொண்டே போகிறது.

முதலில் ஸ்டார்ட் ஆக வேண்டும். என் மைனர் ஒரு மாலை 'கர்ர் கர்ர்' என்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. கையுறையை மற்றவர்களுக்கெல்லாம் பரிந்துரைத்துவிட்டு எனக்குப் போட மறந்திருந்தேன். பக்கத்தில் ஆஸ்டின் ஏ40 வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் நின்றார். 1990களில் பெட்ரோலுக்குத் தடை இருந்தபோது ஊரில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். நான் ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்துவதைப் பார்த்து வந்தார்.

"தம்பி, உதை விடும். பற்றறி செத்துப்போம். மூடியைக் கழட்டும் முதல்ல."

"நனைஞ்சிருக்குமா அண்ணை?"

"பின்னே? மழை உமக்கு மட்டுமே பெய்தது?"

மூடியைக் கழற்றினோம். உட்புறம் வியர்த்த தம்ளர் மாதிரி பொடிப்பொடியாக நீர்த்துளி. உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே சுழலும் ரோட்டார் கையையும் துடைத்து, வயர்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, டபிள்யூடி-40 லேசாக அடித்தோம். அடித்தவுடனே சாவியைத் திருப்பக்கூடாது, ஆவி தீப்பிடிக்கும். இரண்டு நிமிடம் விட்டு, சோக்கைக் கொஞ்சம் இழுத்து முயன்றால் பிடித்துக்கொண்டது.

கார் சேற்றில் மாட்டினால் மூன்று காரியம் செய்யாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், சுற்றும் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். குரோம் பம்பரையோ டிக்கி மூடியையோ பிடித்துத் தள்ளவிடாதீர்கள், கதவுச் சட்டத்தையும் ஜன்னல் தூண்களையும் பிடிக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்துக்கு நேர் பின்னால் யாரையும் நிற்கவிடாதீர்கள், தலை முதல் கால் வரை அபிஷேகம்தான். செய்ய வேண்டியது, பின்சக்கரத்துக்கு முன்னால் தரைவிரிப்புத் துண்டுகளைச் செருகி, கனமான இருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விடுவது. மைனர் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்பக்கம் லேசாக இருப்பதுதான் பிரச்சினையே. அப்பவும் வரவில்லையென்றால் பின்டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். அதற்குத்தான் கைப்பம்பு.

டிராக்டர் வந்துவிட்டால், கயிற்றை எங்கே கட்டுவது என்று காரின் சொந்தக்காரர்தான் சொல்ல வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் டிராக்டரோடு போகும். ஸ்டியரிங் கம்பியில் கட்டினால் வீடு போக முடியாது. சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் உறுதியான இடமாக, துரு இல்லாத இடமாக, முந்தின வாரமே காருக்கு அடியில் படுத்துப் பார்த்து ஒரு சாயப்புள்ளி வைத்துவிடுங்கள். டிராக்டர்காரர் சேற்றில் உங்களுக்காகப் படுக்கமாட்டார். கயிறு தளர்வாக இருக்கும்போது சடக்கென்று இழுக்கக்கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிலும் ஆள் நிற்கக்கூடாது, அறுந்தால் சாட்டைதான்.

சாலையில் ஏறுவதற்கு முன் டயரிலுள்ள சேற்றை உதறிவிடுங்கள், இறக்கிய காற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள், பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பாருங்கள்.

8. மறுநாளும் அடுத்த வாரமும்

ஈரமான துணிக்கூரையை மடிக்காதீர்கள். விரித்து, தாழிட்டு, காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிடும். விரிப்புகளை எடுத்து வெளியே காயப்போடுங்கள், அடியில் இருக்கும் ஃபெல்ட்தான் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துவைத்துத் தரைத்தகட்டைத் தின்னும். ஹோஸ் பைப்பால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவுங்கள், கதவின் கீழ்விளிம்பில் இருக்கும் நீர்வடி துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். மைனர் டிராவலர் போல மரச்சட்டம் உள்ள காரென்றால் ஜன்னல் ஓடைகளைத் துடைத்துவிடுங்கள், அங்கே பாசி மட்டுமல்ல, காளானே முளைக்கும். காய்ந்த பிறகுதான் உறை போட வேண்டும்.

ஏற்பாட்டாளர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. செவ்வாயோ புதனோ, மண் ஓரளவு இறுகிய பிறகு, நாலு பேர் முட்கரண்டி மண்வெட்டியும் புல்விதைப் பையும் எடுத்துக்கொண்டு மாளிகைக்குத் திரும்பப் போங்கள். சக்கரத் தடத்தின் இரண்டு பக்கமும் முட்கரண்டியைச் செருகி மண்ணை மேலே நெம்பிவிடுங்கள், நெம்பாமல் பள்ளத்தில் மேல்மண்ணை மட்டும் கொட்டிவிட்டால் உள்ளே இறுகிய அடிமண் அப்படியே இருந்து அடுத்த மழைக்கும் அங்கேயே தண்ணீர் நிற்கும். நெம்பிய பிறகு சமன்செய்து விதை தூவி, காலால் மெல்ல மிதித்துவிடுங்கள்.

நாங்கள் பதினோரு கார் இழுத்த அந்த வருடம் இதைச் செய்துகொண்டிருந்தபோது, தலைமைத் தோட்டக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பு ஓரமாக நின்று பார்த்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் பக்கத்தில் வந்து, ஏரிப்பக்கம் இன்னொரு தடம் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினார். அதையும் முடித்தோம். அப்புறம்தான், அடுத்த வருடம் ஜூனில் வேண்டாம், செப்டம்பர் முதல் வாரம் வாருங்கள், அப்போது தரை கெட்டியாக இருக்கும் என்றார்.